சில்லில்லாப் பெட்டியின் நினைவு: முதல் பின்பால் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளோடு சேர்ந்தே வந்த பின்பால் விளையாட்டைத் தமிழ் வாசகர் பலர் ஆடியிருப்பர். திரையில் உருண்டோடும் உலோகப் பந்து எதில் மோதினாலும் ஓரத்தில் புள்ளிகள் ஏறும். எத்தனையாவது பந்து ஆடப்படுகிறது, எந்த விளக்கு எரிய வேண்டும், ஆட்டம் எப்போது முடிகிறது என்பனவற்றையெல்லாம் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த ஆட்டத்திற்கு மூலமான அமெரிக்க மரப்பெட்டிகளோ, சில்லும் நிரலும் இல்லாத காலத்திலேயே இதே கணக்கைச் செய்துவந்தன. எண்ணத் தெரியாத கம்பிகளும் காந்தங்களும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை எப்படிக் கூட்டின, கூட்டியதை எங்கே சேமித்தன என்பது முதற்புதிர்.

இதிலிருந்தே இரண்டாவது புதிர் ஒன்றும் பிறக்கிறது. அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட இத்தகைய பெட்டிகள் அமெரிக்க வீடுகளின் நிலவறைகளிலிருந்தும் கார்க் கொட்டகைகளிலிருந்தும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. முதன்முறையாக ஒன்றை வாங்க நினைப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை எடுப்பதா, ஓடாமல் கிடக்கும் பெட்டியை எடுப்பதா என்று தயங்குகிறார். ஓடுவதே நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பெட்டி எப்படி நினைக்கிறது என்று அறிந்தவர் அந்த விடையை அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டார்.

சிகாகோவில் பிறந்த பெட்டி

பின்பால் தொழில் ஏறக்குறைய முழுவதும் சிகாகோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தே வளர்ந்தது. காட்லீப் நிறுவனம் 1931இல் வெளியிட்ட ‘பேஃபில் பால்’ மின்சாரமே இல்லாத, மேசைமேல் வைக்கத்தக்க சிறு பெட்டி. பந்தை விசைக்கோலால் ஏவிய பிறகு ஆடுபவருக்கு வேலையில்லை. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கான்டாக்ட்’ மின்கல விசையால் பந்தைத் துள்ளவைத்தது. விழப்போகும் பந்தை அடித்து மேலேற்றும் சிறு துடுப்பான பிளிப்பர் 1947இல் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் அறிமுகமாயிற்று; அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், ஆடுதளத்தின் கீழ்முனையில் இரண்டு பிளிப்பர்களை மட்டும் வைத்து ‘டிரிபிள் ஆக்‌ஷன்’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார்.

அன்று தொடங்கி, நுண்செயலி கொண்ட பெட்டிகள் சந்தையைப் பிடித்த 1977 வரையில், காட்லீப், வில்லியம்ஸ், பாலி, சிகாகோ காயின் ஆகிய நிறுவனங்கள் செய்த பெட்டிகளே மின்பொறிப் பின்பால் என்று இந்த அத்தியாயத்தில் குறிக்கப்படுகின்றன. மின்காந்தத்தால் இயங்கும் பொறியமைப்பு என்பதே அதன் பொருள். புதிய வகை வந்ததும் கடைகளிலிருந்தும் மதுக்கூடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட இவை மலிவு விலையில் வீடுகளுக்குள் புகுந்தன. இன்றைய சந்தைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அவ்வாறு போனவையே.

நினைவு என்பது நிலை

மின்பொறிப் பெட்டியின் அடிப்படை உறுப்பு வரிச்சுருள். குழல் வடிவில் சுற்றிய கம்பியில் மின்சாரம் பாயும்போது அது காந்தமாகி, நடுவிலுள்ள இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. மின்சாரம் நின்றதும் ஒரு சுருள்வில் தண்டை வெளியே தள்ளிவிடுகிறது. பந்தை உதைப்பதும் மணியை அடிப்பதும் இதன் வேலைதான். தண்டுக்குப் பதிலாக ஓர் இரும்புத் தகட்டை இழுத்து, அத்தகட்டின் வழியே பல தொடுமுனைகளை ஒருசேர மூடவோ திறக்கவோ செய்தால் அது ரிலே எனப்படுகிறது. ரிலே இழுத்திருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது என்ற இரண்டே நிலைகளால், ‘ஆட்டம் நடக்கிறது’, ‘பெட்டி குலுக்கப்பட்டது’ போன்ற ஆம்-இல்லைச் செய்திகளைப் பெட்டி நினைவில் வைக்கிறது.

ஆம்-இல்லையைத் தாண்டி எண்களை நினைவில் வைப்பதற்குப் படிச்சக்கரம் உதவுகிறது. வரிச்சுருள் ஒருமுறை இழுத்துவிட்டால் பற்சக்கரம் ஒரு பல் நகர்ந்து, சுருள் ஓய்ந்த பிறகும் அங்கேயே நிற்கும். எத்தனையாவது பந்து, எவ்வளவு கூடுதல் புள்ளி என்பன சக்கரம் நிற்கும் இடத்தாலேயே அறியப்படுகின்றன. 1950களில் பரவிய எண் உருளையும் இதன் உறவே. பழைய பெட்ரோல் நிலைய மீட்டரில் புரளும் இலக்கங்களைப் போல, விளிம்பில் 0 முதல் 9 வரை அச்சிட்ட உருளைகள், ஆடுதளத்துக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியை மூடும் ஓவியக் கண்ணாடியான பின்கண்ணாடியின் சாளரங்களில் மொத்தப் புள்ளியைக் காட்டுகின்றன. மின்சாரத்தைத் துண்டித்து ஓராண்டு கழித்துப் பார்த்தாலும் கடைசி ஆட்டத்தின் புள்ளி அப்படியே இருப்பதற்குக் காரணம், அது எங்கும் எழுதிச் சேமிக்கப்படாமல் உறுப்புகளின் நிலையாகவே இருப்பதுதான்.

வாங்குபவர் பற்றிக்கொள்ள வேண்டிய முதல் உண்மை இதுவே. நினைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் நிலைகளில் இருப்பதால், நினைவின் பிழையும் கண்ணுக்குத் தெரியும். சில்லுக்குள் நிகழும் பிழையைக் கருவியின்றி அறிய இயலாது. நகர வேண்டிய சக்கரம் நகரவில்லை என்பதை அறிய ஒரு கைவிளக்கே போதும்.

ஐம்பது புள்ளி ஏறும் விதம்

உருளை ஒரு துடிப்புக்கு ஓர் இலக்கமே நகரும். பத்துப் புள்ளித் தடையில் பந்து மோதினால் ஒரு துடிப்பு போதும். ஐம்பது புள்ளிக்கு, பந்து ஒரே முறை தொட்டிருந்தும் ஐந்து துடிப்புகள் தேவைப்படுகின்றன. இதற்காகவே பெட்டியின் அடிப்பலகையில் எண்ணிக்கை மோட்டார் என்ற உறுப்பு வைக்கப்பட்டுள்ளது. மெதுவாகச் சுழலும் அதன் அச்சில், விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய தகடுகள் கோக்கப்பட்டிருக்கும். மேடு கடக்கும்போதெல்லாம் அருகிலுள்ள தொடுமுனைகள் மூடித் திறக்கும்.

ஐம்பது புள்ளித் தடையில் பந்து பட்டவுடன் அதற்குரிய ரிலே இழுத்துக்கொண்டு, தன்னையே மோட்டாரின் ஒரு தொடுமுனை வழியாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே பந்து விலகிய பிறகும் செய்தி மறைவதில்லை. அதே ரிலே மோட்டாரைச் சுழலச் செய்ய, மோட்டார் தன் சுற்றில் ஒரு பகுதியைக் கடப்பதற்குள், காட்லீப் பெட்டிகளில் மூன்றில் ஒரு சுற்றுக்குள், ஐந்து துடிப்புகள் பத்தின் உருளைக்குப் போய்ச் சேர்கின்றன. சுற்றின் முடிவில் மோட்டார் ரிலேயின் பிடியை விடுவித்துத் தானும் நின்றுவிடுகிறது. உருளை 9இல் நிற்கும்போது மட்டும் மூடியிருக்கும் ஒரு தொடுமுனை, அடுத்த துடிப்பை நூறின் உருளைக்கும் அனுப்புவதால், காகிதக் கணக்கில் நாம் இடப்பக்கம் கொண்டுசெல்லும் ஒன்று இங்கே ஒரு கம்பியின் வழியே செல்கிறது. பழைய பெட்டிகளில் பெரிய புள்ளிகள் மணியோசையோடு ஒவ்வொன்றாக ஏறும் அந்தத் தாளம், கணக்கு நடக்கும் வேகமே தவிர அலங்காரமன்று.

ஓயாமல் சுற்றும் மோட்டார்: ஓர் எடுத்துக்காட்டு

விற்பனைக்கு வரும் பெட்டிகளில் மிகவும் அடிக்கடி காணப்படும் நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேற்கண்ட அறிவு எவ்வாறு பயன்படுகிறது என்று பார்க்கலாம். 1970களின் நடுவில் செய்யப்பட்ட, ஒருவர் ஆடும் காட்லீப் பெட்டி. நான்கு எண் உருளைகளும், அவற்றின் வலப்பக்கத்தில் அசையாத ஒரு பூச்சியமும் கொண்டது. தொடக்கப் பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரிகின்றன, உள்ளே மோட்டார் உறுமத் தொடங்குகிறது, ஆனால் நிற்பதேயில்லை, பந்தும் வருவதில்லை. விற்பவர் ‘ஓடாது’ என்று சொல்லிப் பாதி விலை கேட்கிறார்.

புதிய ஆட்டம் தொடங்குமுன் எல்லா உருளைகளும் பூச்சியத்திற்கு வரவேண்டும். அவை பின்னோக்கிச் சுழல்வதில்லை; 7இல் நிற்கும் உருளை 8, 9 எனக் கடந்தே 0ஐ அடைகிறது. ஒவ்வோர் உருளையிலும், பூச்சியத்தில் நிற்கும்போது மட்டும் நிலைமாறும் பூச்சியத் தொடுமுனை ஒன்று உண்டு. உருளை பூச்சியத்தை அடையும்வரை மோட்டாரின் துடிப்புகள் இதன் வழியே சென்றுகொண்டிருக்கும். அடைந்ததும் வழி அடைபடும். எல்லா உருளைகளும் ‘வந்துவிட்டேன்’ என்று அறிவித்தால்தான் மோட்டார் நின்று ஆட்டம் தொடங்கும். ஆகவே ஓயாத மோட்டார் உடைந்த பெட்டியின் அடையாளமன்று. யாரோ ஒருவர் இன்னும் வரவில்லை என்று அது காத்திருக்கிறது என்பதே பொருள்.

வராதவர் யார் என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். முதலாவதாக, ஏதேனும் ஓர் உருளை பூச்சியமல்லாத இலக்கத்தில் நின்று, அதன் சுருள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், மின்சாரம் வந்துசேர்கிறது, நகர்வுதான் இல்லை. பல ஆண்டுகளில் பசையாக இறுகிப்போன பழைய மசகு, பற்களைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவதாக, உருளை நகராமலும் சுருள் ஒலிக்காமலும் இருந்தால் துடிப்பே அங்கு வருவதில்லை. அழுக்கேறிய தொடுமுனை, அறுந்த கம்பி, பழுதான சுருள் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். மூன்றாவதாக, நான்கு உருளைகளும் பூச்சியத்தைக் காட்டியும் மோட்டார் நிற்காவிட்டால், வந்துசேர்ந்த உருளை ஒன்றின் பூச்சியத் தொடுமுனை நிலைமாறவில்லை, அல்லது பந்து எண்ணும் சக்கரம் போன்ற வேறோர் உறுப்பு தன் தொடக்க நிலைக்குத் திரும்பவில்லை.

மூன்று விடைகளிலும் பெரும்பாலானவை அழுக்கையே சுட்டுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளித் தொடுமுனைகள் அடிக்கடி மூடித் திறக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. பெட்டி சும்மா கிடந்தால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களாலும் தூசியாலும் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. பெட்டிக்குள் ஓடும் குறைந்த மின்னழுத்தத்தால் அப்படலத்தைத் துளைக்க முடிவதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நெகிழ்வான மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று முறை தேய்த்தால் படலம் நீங்கும்; இறுகிய மசகை ஆல்கஹாலால் கழுவி எடுக்கலாம். எண்ணெய்த் தெளிப்பான்களை மட்டும் தொடவே கூடாது: அவை முதலில் குணம் தருவதுபோலத் தோன்றி, பின்னர் தூசியைச் சேர்ப்பதோடு, பொறி பறக்கும் இடத்தில் தீப்பிடிக்கவும் கூடும். இந்தக் கணக்கில், பாதி விலைக்கு வந்த பெட்டியின் நோய் சில மணி நேரத் துப்புரவோடு தீரக்கூடியது.

பிளிப்பருக்குள் இரண்டு சுருள்கள்

அழுக்கால் வராத, வெப்பத்தால் வரும் கேடு ஒன்றும் உண்டு. பிளிப்பர் பந்தை வலுவாக அடிப்பதற்கு மிகுந்த மின்னோட்டம் தேவை. ஆடுபவர் பொத்தானை அழுத்தியபடியே பந்தைத் தாங்கி நிறுத்துவதற்கோ சிறிதளவு போதும். ஆகவே ஒரே உருளியில் தடித்த கம்பியாலான அடிசுருளும் மெல்லிய கம்பியாலான பிடிசுருளும் சுற்றப்படுகின்றன. தொடக்கத்தில் ஒரு தொடுமுனை பிடிசுருளைத் தவிர்த்து, முழு மின்னோட்டத்தையும் அடிசுருள் வழியே விடுகிறது. பிளிப்பர் உச்சியைத் தொட்டதும் அது இத்தொடுமுனையைத் திறக்க, பிடிசுருளின் மிகுந்த மின்தடையும் சேர்ந்துகொண்டு மின்னோட்டம் குறைந்துவிடுகிறது.

இத்தொடுமுனையில் அழுக்குப் படிந்தால் மின்னோட்டம் முதலிலிருந்தே குறைவாகி, பிளிப்பர் சோர்ந்து அடிக்கும். மாறாக, அது திறக்கத் தவறினால் அடிசுருள் சூடேறி, மேலே சுற்றிய காகிதம் பழுப்பாகி, உட்குழாய் உருகி, தண்டு இறுகிவிடும். ஆடுதளத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கும்போது கருகிய காகிதம் தென்பட்டால் அந்தச் சுருளை மாற்றவேண்டும். அதுவும் பெருநட்டமன்று, ஒரே நிறுவனம் ஒரே வகைச் சுருளையும் ரிலேயையும் பல ஆண்டுகள் பல ஆட்டங்களில் பயன்படுத்தியதால் மாற்றுறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன.

பொதுவானவையும் தனித்தவையும்

தேர்வுக்கான அளவுகோல் இங்கே தெளிவாகிறது. பெட்டியின் உறுப்புகளுள் சில எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவானவை. சில அந்த ஓர் ஆட்டத்திற்கே உரியவை. சுருள், ரிலே, மோட்டார், இரப்பர் வளையம், சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுப் பந்து ஆகியவை முதல் வகை. பின்கண்ணாடியும் ஆடுதளமும் இரண்டாம் வகை.

பின்கண்ணாடியின் ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் திரையச்சு முறையில் அச்சிடப்பட்டது. பின்னாலுள்ள விளக்குகளின் வெப்பத்தாலும், ஈரமான நிலவறையில் ஏறியிறங்கும் குளிராலும் கண்ணாடியும் வண்ணப்பூச்சும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, காலப்போக்கில் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. உதிரத் தொடங்கியதைத் தெளிந்த பூச்சால் ஓரளவு பிடித்து நிறுத்தலாம். உதிர்ந்ததை மீட்க இயலாது. எல்டன் ஜானின் உருவம் தாங்கி 1976இல் வந்து 16,000க்கும் மேல் விற்ற பாலியின் ‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’ போன்ற புகழ்பெற்ற ஆட்டங்களுக்கு மறுபதிப்புக் கண்ணாடி செய்வோர் முன்வருவர். பெயர் தெரியாத ஆட்டத்திற்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆடுதளமும் அப்படியே. ஒட்டுப்பலகைமேல் தீட்டிய வண்ணம், பந்து மீண்டும் மீண்டும் உரசும் தடங்களில் தேய்ந்து மரம் வெளித்தெரிகிறது. அதைத் திருத்தித் தீட்டுவதற்கு ஓவியரின் கையும் பல வார உழைப்பும் வேண்டும்.

ஒருவர் ஆட்டமா, நால்வர் ஆட்டமா

முதற்பெட்டிக்கு ஒருவர் ஆடும் வகையே ஏற்றது. நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்காகப் பதினாறு உருளைகளும், யார் முறை என்பதை நினைவில் வைக்கும் சக்கரமும், அவற்றுக்கான கம்பிகளும் தலைப்பெட்டியில் நெருங்கியிருக்கும். மேலே கண்ட ஓயாத மோட்டாருக்கு அங்கே நான்கு மடங்கு சந்தேகப் பட்டியல். ஒருவர் ஆட்டத்திலோ ஒரு பந்தில் எரிந்த விளக்கு அடுத்த பந்திலும் தொடர்ந்து எரியலாம். நால்வர் ஆட்டத்தில் அவ்வாறு நினைவு வைக்க ஆளுக்கொரு ரிலேத் தொகுதி வேண்டியிருந்ததால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்த்தனர். எளிய வகையே செறிவான ஆட்டத்தையும் தருகிறது என்பது வாங்குபவரின் நற்பேறு.

ஒருவர் ஆட்டங்களுள் கூடுதல் பந்து வகை என ஒன்றுண்டு. இலவச ஆட்டத்தைப் பரிசாகத் தருவது சூதாட்டம் என்று சில இடங்களில் சட்டம் கருதியது. நியூயார்க் நகரம் 1942 முதல் 1976 வரை பின்பாலையே தடை செய்திருந்தது. அத்தகைய சட்டங்களுக்கு ஒத்துப்போகும் வகையில், வெய்ன் நெய்ன்ஸ் 1960இல் காட்லீப்புக்காக வடிவமைத்த ‘ஃபிளிப்பர்’, வென்றவருக்கு இலவச ஆட்டத்துக்குப் பதிலாக அதே ஆட்டத்தில் இன்னொரு பந்தைத் தந்தது. காசு கேட்காத வீட்டில் இலவச ஆட்டத்துக்கு மதிப்பில்லை. கூடுதல் பந்துக்கோ உண்டு.

பார்க்கும் வரிசை

பெட்டியை நேரில் காணும்போது மின்சாரத்தை இணைப்பது கடைசி வேலையாக இருக்கவேண்டும். முதலில் பின்கண்ணாடியின் உட்புறத்தைப் பக்கவாட்டு ஒளியில் நோக்கி, பூச்சு எழும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து ஆடுதளத்தின் தேய்வு. பின்பு ஆடுதளத்தைத் தூக்கி, கருகிய சுருள், எலி கடித்த கம்பி, நீர் நின்ற கறை ஆகியவற்றைத் தேடவேண்டும். ஓர் எண் உருளையின் தண்டை விரலால் இழுத்துவிட்டால், அது சட்டென்று திரும்புகிறதா, சோம்பலாக ஊர்கிறதா என்பதிலிருந்து மசகின் நிலை தெரியும். பெட்டியோடு வந்த சுற்றுப்படம், அதாவது கம்பிகள் அனைத்தையும் காட்டும் வரைபடம், உள்ளே இருந்தால் நன்று. அது இல்லாமல் பழுதுபார்ப்பது கடினம்.

அதன்பின் மின்வடம். பழைய பெட்டிகளின் இரண்டு முள் வடத்தில் நிலத்தொடர்பு இல்லை. அதன் உறை வெடித்திருக்கவும் கூடும். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அளவுக்கு மீறிய ஃபியூஸோ வெறும் கம்பியோ செருகப்பட்டிருந்தால் இணைக்காமல் விடுவதே அறிவு. அமெரிக்கப் பெட்டிகள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை என்பதால் 230 வோல்ட் வழங்கும் நாடுகளில் மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றி இன்றி அவற்றை இயக்க இயலாது.

எல்லாவற்றையும்விட, ஓடாத பெட்டியையும்விட, அஞ்சத்தக்கது தவறாகத் திருத்தப்பட்ட பெட்டி. காரணம் புரியாமல் முன்னர் யாரோ ஒருவர் கம்பியை வெட்டி வேறிடத்தில் பற்றவைத்திருந்தாலோ, தொடுமுனைத் தகடுகளை இடுக்கியால் வளைத்திருந்தாலோ, சுற்றுப்படமும் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. நிலைகளைப் படித்து நோயறியும் முறை அங்கே உதவாது. ஓர் உருளை முழுவதுமாகக் காணாமற்போன பெட்டியும் தொடக்கநிலையாளருக்கு ஆகாது.

ஆகவே, செதிலுதிராத கண்ணாடியும் தேயாத தளமும் கொண்டு, பல ஆண்டுகள் யாரும் கை வைக்காமல் ஓயாத மோட்டாரோடு நிற்கும் ஒருவர் ஆட்டம் ஒருபுறமும், மங்கிய ஓவியத்தோடும் ஒட்டுவேலைக் கம்பிகளோடும் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நால்வர் ஆட்டம் மறுபுறமும் இருந்தால், விலை சமமாக இருப்பினும் முன்னதையே எடுக்கவேண்டும். முன்னதன் குறை துப்புரவால் தீரும். பின்னதன் குறை ஒவ்வோர் ஆண்டும் வளரும். நூறு கிலோ அளவுள்ள பெட்டியைத் தூக்க ஒரு துணையும், தலைப்பெட்டியைக் கழற்ற ஒரு திருகுச்சாவியும் கொண்டு செல்வது மட்டுமே அதன்பின் எஞ்சும் வேலை.